மூணு சொட்டு களைக்கொல்லி, மூட்டை மூட்டையா நெல்லு?

திண்டிவனத்தில் எந்த உரக்கடைக்குள் நுழைந்தாலும் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் முதலில் விழிக்கும். அந்த நெடியைத் தாங்கிக்கொண்டு கல்லா பக்கம் நகர்ந்தால் ஒரு பக்கம் களைக்கொல்லி அலமாரி, இன்னொரு பக்கம் டானிக் அலமாரி. முதலாவதில் மண்டையைச் சிலிர்க்கவைக்கும் எச்சரிக்கை முக்கோணங்கள். இரண்டாவதில் தங்க நிறக் கதிர்கள், சிரிக்கும் விவசாயி, வானவில். கேட்கிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் இரண்டு அலமாரிக்கும் கேட்கிறார்கள்: "டேங்குக்கு எத்தினி மில்லி?"

இந்த இரண்டு அலமாரிக்கும் பின்பக்கமாக ஒரு கதவு இருக்கிறது. கடைக்காரருக்கே அது தெரியாமல் இருக்கலாம். வாங்க, சத்தம் போடாமல் அதைத் திறந்து எட்டிப் பார்ப்போம்.

உள்ளே என்ன தெரியுமா? அந்தப் பக்கத்து மருந்துகளும் இந்தப் பக்கத்து மருந்துகளும் சொந்தக்காரர்கள்! விழுப்புரம் பக்கம் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புரியும். துச்சாதனனாக வந்து சேலையைப் பிடித்து இழுத்த ஆள், கொட்டகைக்குள் போய் அரிதாரத்தைத் துடைத்துவிட்டுக் கிருஷ்ணனாக வெளியே வருவார். ஆள் ஒன்றுதான். வேஷத்தைத் தீர்மானிப்பது அளவு.

நம்ப முடியவில்லையா? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிப் பரிந்துரைகளில் பூவன் வாழைப் பக்கத்தைப் புரட்டுங்கள். பூவன் பழத்தில் சில நேரம் கறுப்பு விதை வந்து பல்லில் மாட்டும். அதைத் தடுக்க ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். தாரில் கடைசிச் சீப்பு விரிந்த ஐந்து நாளுக்குள் 2,4-டி என்ற மருந்தை 25 பிபிஎம் அளவில், அதாவது ஒரு கிராமை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, தாரின்மேல் தெளிக்க வேண்டும். விதை போய்விடும்.

2,4-டி என்பது யார்? நெல் கழனியில் கோரையையும் அகன்ற இலைக் களைகளையும் கருக்குகிற அதே களைக்கொல்லி! ஊர்க்காரர்கள் 'டூ ஃபோர் டி' என்று செல்லமாகச் சொல்வதும் இதைத்தான். எலுமிச்சைப் பக்கத்துக்குப் போனால் அங்கேயும் நிற்கிறது: பூக்கும் நேரத்தில் 20 பிபிஎம், பிஞ்சு அதிகமாகப் பிடிக்க.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், தலை கிறுகிறுத்தது. நடவு நட்ட மூன்றாம் வாரத்தில் நெல் களைக்கு 2,4-டி சோடியம் உப்பை ஹெக்டேருக்கு 1.25 கிலோ, 625 லிட்டர் தண்ணீரில் கலந்து அடிக்கச் சொல்கிறது அதே பரிந்துரை. லிட்டருக்கு 2 கிராம். வாழைத்தாருக்கோ லிட்டருக்கு 25 மில்லிகிராம். 80-ல் ஒரு பங்கு! அந்தப் பங்கில் கொலைகாரன் மருத்துவச்சி ஆகிவிடுகிறான். (கழனியில் 2,4-டி கருக்கும் 'களை'களில் ஆரைக்கீரையும் கரிசலாங்கண்ணியும் உண்டு என்பது தனிக் கவலை. அதை வேறொரு நாள் பேசிக்கொள்வோம்.)

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். இந்த இரட்டை வேஷம் எப்படி வந்தது?

கதை தொடங்குவதே தானியப் பயிர்க் குடும்பத்தில்தான். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் குடும்பத்துக் கேனரிப் புல்லின் முளைகளை ஜன்னலோரம் வைத்து, அவை ஏன் வெளிச்சத்தை நோக்கி வளைகின்றன என்று நோண்டினார்கள். முளையின் நுனிக்குத் தொப்பி மாட்டினால் வளையவில்லை. நுனியிலிருந்து ஏதோ ஒரு தகவல் கீழே போகிறது என்று 1880-ல் எழுதினார்கள். 1926-ல் ஹாலந்தில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர் ஓட்ஸ் முளையின் நுனிகளை நறுக்கி, அகர் துண்டுகளின்மேல் உட்கார வைத்து, அந்தத் தகவலை அகருக்குள் இறக்கிக் காட்டினார். ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் அப்படித்தான் பிடிபட்டது. அடுத்த வேலை என்ன? ரசாயனக்காரர்கள் செயற்கை ஆக்சின்கள் செய்யத் தொடங்கினார்கள். 2,4-டி அப்படிச் செய்யப்பட்டவற்றில் ஒன்று. 1942-ல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் நிறுவனத்தில் சிம்மர்மனும் ஹிட்ச்காக்கும் அதை வளர்ச்சி ஊக்கியாகத்தான் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள்.

பாருங்கள், டானிக் முதலில் பிறந்தது! பிறகுதான் அது கொலைகாரன் ஆனது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் கிராஸ் என்ற தாவரவியலாளர், வளர்ச்சி மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் செடி செத்துவிடுமே என்று யோசித்தார். அப்போது இரண்டாம் உலகப் போர். எதிரி நாட்டுப் பயிரை அழிக்க உதவுமோ என்று ராணுவம் காதைத் தீட்டிக்கொண்டது. இங்கிலாந்திலும் தனியாக இதே தேடல், இதே ரகசியம். 1944-ல் அமெரிக்காவில் வயலில் கொடி மண்டிய களைகளை 2,4-டி தீர்த்துக்கட்டிய சேதி அச்சில் வந்தது. அடுத்த ஆண்டு கடைக்கு வந்தேவிட்டது. செடி தன் ஹார்மோனின் நகலாலேயே தறிகெட்டு வளர்ந்து, முறுக்கிக்கொண்டு, தண்டு வெடித்துச் சாகும். நெல், கோதுமை, சோளம் போன்ற புல் குடும்பத்துப் பயிர்கள் தப்பிவிடும். அவற்றின் உடலமைப்பும், மருந்தைச் சிதைத்துவிடும் திறமையும் காப்பாற்றுகின்றன. அதற்கும் ஓர் எல்லை உண்டு. பருவம் தவறி இளசில் அடித்தால் நெல் இலை விரியாமல் வெங்காயத்தாள் மாதிரி குழாயாகச் சுருண்டு நிற்கும்.

சரி, இப்போது முக்கியமான அறை. வாழைக்கும் எலுமிச்சைக்கும் டானிக் வேஷம் போடும் களைக்கொல்லி, தானியத்துக்கும் போடுமா? நெல்லும் மக்காச்சோளமும் கம்பும் துளி மருந்தில் துள்ளி எழுமா?

இங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஏனென்றால், ஆமாம் என்று சொன்ன ஆய்வுகள் உண்மையிலேயே இருக்கின்றன.

1960-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ரீஸ் என்ற தோட்டக்கலைப் பேராசிரியர் சிமசின் என்ற களைக்கொல்லியை வைத்து விளையாடினார். சிமசின் இலையின் ஒளிச்சேர்க்கையையே மறித்து நிறுத்தும் ஆள். அதைக் கொல்லாத அளவுக்குக் குறைத்துக் கொடுத்தபோது செடிகள் மண்ணிலிருந்து நைட்ரேட்டை வழக்கத்தைவிட ஆவலாக உறிஞ்சின. அந்த நைட்ரேட்டைப் புரதமாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் நொதியும் உள்ளே சுறுசுறுப்பானது. புரதம் கூடியது. 1967-ல் இது வெளியானபோது ஆராய்ச்சி உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. களைக்கொல்லி தெளித்துப் புரதச் சத்துள்ள தானியம் என்பது பசி பற்றி உலகமே கவலைப்பட்ட காலத்தில் சாதாரணச் செய்தியா?

ஆனால் கொட்டகைக்குள் இன்னும் கொஞ்சம் நின்றால் சாயம் வெளுக்கும் இடமும் தெரிகிறது. சிமசின் வித்தை நன்றாகப் பலித்தது எங்கே? நைட்ரஜன் நைட்ரேட்டாகக் கிடைத்தபோது. வெயில் குறைந்து, பயிர் குளிரில் மந்தமாக இருந்தபோது. இப்போது நம் சொர்ணவாரி நெல்லை நினைத்துப் பாருங்கள். சித்திரை வைகாசி வெயிலில் தவிக்கிற கழனி, மேலே தேங்கிய தண்ணீர். தண்ணீருக்கடியில் காற்றுப் புகாத சேற்றில் நைட்ரேட் நிலைக்காது. அங்கே நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாகத்தான் இருக்கும். உறிஞ்ச நைட்ரேட்டே இல்லாத இடத்தில் நைட்ரேட் பசியைத் தூண்டி என்ன பயன்? மிச்சிகனில் ஜெயித்த வேஷம் வீடூர் அணைப் பாசனத்தில் எடுபடாது என்பது என் கணிப்பு.

ரீஸின் அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் குஷியானது. அவர் கூட்டத்தார் குதிரைமசால் வைக்கோலை நறுக்கிச் செடிப் பக்கத்தில் போட்டபோது, அந்த உரத்துக்கு வரவேண்டிய மகசூலைவிட அதிகமாக வந்தது. விட்டார்களா? வைக்கோலைப் பிழிந்து, பிரித்து, உள்ளே ஒளிந்திருந்த ஆளைப் பிடித்தார்கள். ட்ரையாகான்டனால். முப்பது கார்பன் கொண்ட ஒரு நீளமான ஆல்கஹால். தேன்மெழுகிலும் உண்டு. 1977-ல் அறிவித்தார்கள். களைக்கொல்லியில் தொடங்கிய மனிதர் களைக்கொல்லியே இல்லாத டானிக்கில் போய் முடிந்தார்! அந்த ட்ரையாகான்டனால்தான் இன்று 'விபுல்' போன்ற பெயர்களில் நம் கடை டானிக் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. வானவில் படம் போட்ட பாட்டிலை அடுத்த முறை பார்க்கும்போது மிச்சிகன் வைக்கோலுக்கு ஒரு வணக்கம் போடுங்கள்.

இப்போது கடைசி அறை. உள்ளே இருப்பவர் கிளைபோசேட். பெயரைச் சொன்னாலே சண்டை வரும்.

2008-ல் வெலினி உள்ளிட்ட பிரேசில், அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெக்டேருக்கு 1.8 முதல் 36 கிராம் வரையிலான துளி அளவில் கிளைபோசேட் தெளித்தபோது மக்காச்சோளம் வளர்ந்தது. சோயா வளர்ந்தது. யூகலிப்டஸ் வளர்ந்தது. பைன் மரக்கன்று வளர்ந்தது. கிளைபோசேட்டுக்கு அசையாதபடி மரபணு மாற்றிய சோயாவில் மட்டும் இந்த வளர்ச்சி வரவில்லை. ஆக, வழக்கமாகச் செடியைக் கொல்கிற அதே பூட்டில்தான் இந்தத் துளியும் சாவியைச் செருகுகிறது. அந்தப் பூட்டு லேசாக இறுகும்போது செடிக்குள் லிக்னின் குறைகிறது, செல்சுவர் சீக்கிரம் விறைக்காமல் கொஞ்சம் கூடுதலாக நீள்கிறது என்பது ஒரு விளக்கம்.

அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக வளர்ந்தது யார் என்று ஊகியுங்கள். கானாவாழை! நம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லையில் எத்தனை முறை பிடுங்கினாலும் கணுவுக்குக் கணு வேர் விட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்குமே, அந்தக் கானாவாழை. துளி மருந்து பயிருக்கு டானிக் என்றால், பக்கத்தில் நிற்கும் களைக்கும் அதே டானிக். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

துளி என்றால் எவ்வளவு துளி? கடையில் கிடைக்கும் 41 சதவீதக் கிளைபோசேட்டில் கணக்குப் போட்டால், அந்த ஆய்வின் கீழ் எல்லை ஏக்கருக்குச் சுமார் 2 மில்லி. மேல் எல்லை 40 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரில் பன்னிரண்டு பதின்மூன்று டேங்க் அடிக்க வேண்டும். கீழ் எல்லை அளவு ஒரு டேங்குக்கு மூன்று சொட்டு. மூன்றே சொட்டு! நம் ஊரில் அளவுக் கருவி என்பது பெரும்பாலும் பாட்டில் மூடி. "ஒரு மூடி ஊத்து, கொஞ்சம் சேத்தே ஊத்து" என்கிற கைக்கு மூன்று சொட்டு எப்படி வரும்? போன வாரம் களை மருந்து அடித்துவிட்டுச் சரியாகக் கழுவாத டேங்கின் அடியில் தங்கியிருப்பதே இதைவிட அதிகமாக இருக்கும்.

அது மட்டுமில்லை. ஐந்து வகைச் செடிக்கும் சேர்த்துச் சொன்ன எல்லை அது. ஒவ்வொன்றும் உச்சத்துக்குப் போகிற இடம் வேறு. வரப்பில் நடந்து அடிக்கும்போது ஒரு வீச்சும் அடுத்த வீச்சும் ஒன்றின்மேல் ஒன்று விழும் பட்டையில் இரட்டிப்பு அளவு இறங்கும். நாசில் தேய்ந்திருந்தால் இன்னும் கூடும். காற்று வீசினால் பக்கத்துக் கொல்லைக்குப் போகும். பயிர் வெயிலில் வாடியிருந்தால், இளசாக இருந்தால், உச்சம் நகர்ந்துவிடும். நேற்று டானிக்காக இருந்த அளவு இன்று குட்டையாக்கும்.

இந்தப் பண்புக்கு ஆய்வாளர்கள் ஹார்மிசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1943-ல் அமெரிக்காவில் சிவப்பு சிடார் மரச்சாறு பூஞ்சைகளை அதிக அளவில் நசுக்கி, குறைந்த அளவில் ஊட்டி வளர்த்ததைக் கண்டவர்கள் வைத்த பெயர். எத்தனையோ விஷங்களில் இது தென்பட்டிருக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தூண்டுதல் எப்போதுமே அளவாகத்தான் இருக்கும். வழக்கமாக 30 முதல் 60 சதவீதம்தான் உச்சம். அதுவும் பெரும்பாலும் தொட்டியில் வளர்த்த இளஞ்செடியின் எடையிலோ உயரத்திலோ அளந்தது. முப்பதாம் நாளில் தழைத்து நிற்கிற பயிருக்கும் நூற்றி இருபதாம் நாளில் களத்தில் குவிகிற நெல்லுக்கும் நடுவே பூ, மகரந்தம், பால் பிடிப்பு, மழை, பூச்சி என்று எத்தனையோ கதவுகள் இருக்கின்றன. தழைச்சத்து கூடிப்போய் ஆளுயரம் வளர்ந்து, காற்றில் சாய்ந்து, பதராகிப்போன கழனியைப் பார்க்காத விவசாயி யார்?

களையின் பக்கமும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ரைகிராஸ் என்ற புல் களைக்குக் களைக்கொல்லியைக் குறைந்த அளவில் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். சில தலைமுறைகளிலேயே அது மருந்துக்கு அசையாத இனமாகிவிட்டது. துளித்துளியாகத் தெளிப்பதில் பயிர் ஜெயிக்கிறதோ இல்லையோ, களை பள்ளிக்கூடம் போய்ப் பாஸாகிவிடுகிறது.

சட்டமும் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாகத்தான் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. மகசூலுக்கு மூன்று சொட்டு என்று எந்த லேபிளிலும் போட்டிருக்காது. ஆகவே நான் மேலே போட்ட கணக்கு வேடிக்கை பார்க்கத்தான். டேங்கில் ஊற்றிப் பார்க்க அல்ல.

அப்படியானால் குறைந்த அளவு ஹார்மோன் வித்தை திண்டிவனத்தில் எங்கேதான் ஒழுங்காக மேடை ஏறுகிறது? தானியத்தில் தேடிக் களைத்த கண்ணுக்கு மல்லாட்டையில் கிடைக்கிறது! இந்த ஊரின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் பிறப்பித்த ரகங்களுக்கு டிஎம்வி என்றுதான் முன்னெழுத்து. சுதந்திரத்துக்கு முன்பே வந்த டிஎம்வி 2 நிலக்கடலை, ஆந்திரா கர்நாடகாவரை போய்ப் பல தலைமுறை ஆண்டது. மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் திண்டிவனத்தில்தான் இருக்கிறது.

நிலக்கடலைக்கான பரிந்துரையில் ஒரு கரைசல் உண்டு. சமையல் குறிப்பு மாதிரி அதைப் படிக்கும்போதே எனக்கு நாக்கில் ஊறியது, தயவுசெய்து யாரும் குடிக்க வேண்டாம். டிஏபி 2.5 கிலோ, அம்மோனியம் சல்பேட் ஒரு கிலோ, போராக்ஸ் அரைக் கிலோ. 37 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும். காலையில் வடிகட்டினால் 32 லிட்டர் தெளிவு கிடைக்கும். மண்டியைத் தள்ளிவிட்டு, 468 லிட்டர் தண்ணீர் சேர்த்து 500 லிட்டராக்கி, ஹெக்டேருக்கு அடிக்க வேண்டும். விதைத்த 25-ஆம் நாள் ஒரு முறை, 35-ஆம் நாள் ஒரு முறை. அதோடு விரும்பினால் 350 மில்லி பிளானோஃபிக்ஸ்.

அந்த பிளானோஃபிக்ஸ்தான் நம் ஆள். உள்ளே இருப்பது என்ஏஏ என்ற செயற்கை ஆக்சின். 2,4-டி-யின் பங்காளி வீட்டுச் சாதுப் பிள்ளை. கணக்குப் போட்டால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் வருகிறது. உளுந்து, பாசிப்பயறில் பூ உதிராமல் இருக்க லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்று இதே என்ஏஏ-வைப் பரிந்துரைக்கிறார்கள். ஆப்பிள் தோட்டக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பூ முடிந்த உடனே அடித்தால் என்ஏஏ பிஞ்சுகளை உதிர்க்கும், அறுவடைக்கு முன் அடித்தால் பழம் உதிராமல் பிடித்து நிறுத்தும். அளவு போக, நாளும் வேஷத்தை மாற்றுகிறது!

தானியத்துக்கும் பல்கலைக்கழகம் ஒன்று வைத்திருக்கிறது: மக்காச்சோளத்துக்கான 'மேக்சிம்'. சத்துகளும் வளர்ச்சி ஊக்கியும் கலந்த தூள். ஆண் பூ வரத் தொடங்கும்போதும் மணி பிடிக்கும்போதும் தெளிக்கச் சொல்கிறார்கள். களைக்கொல்லியைக் கிள்ளிப் போடும் சூதாட்டத்தைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. என்ன, எவ்வளவு, எந்த நாளில் என்று பையிலேயே எழுதியிருக்கிறது.

ஆனால் எந்த டானிக்காக இருந்தாலும், "அடிச்சா ஏக்கருக்கு நாலு மூட்டை கூடக் கெடைக்கும்" என்ற கடை வசனத்தைச் சரிபார்க்க நம் கழனிகளில் ஆதாரமே மிஞ்சுவதில்லை. அடித்தால் முழுக் கழனிக்கும் அடித்துவிடுகிறோம். நல்ல மழை பெய்து விளைந்தாலும் பெயர் பாட்டிலுக்குப் போகிறது. ஆராய்ச்சி நிலையத்துக் கொல்லைப்புறத்தில் என்ன செய்வார்கள் தெரியுமா? ஒரே வயலில் ஒரு பாத்திக்கு மருந்து, ஒரு பாத்திக்கு வெறும் தண்ணீர், ஒரு பாத்தியில் எதுவுமே இல்லை. எது எங்கே என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு, இதையே வயலின் வேறு மூன்று நான்கு இடங்களிலும் திரும்பச் செய்வார்கள். மேட்டுப் பக்கம் விளைச்சல் குறைந்தாலும் பள்ளத்தில் கூடினாலும் ஏமாற மாட்டார்கள். பிறகு ஒவ்வொரு பாத்தியையும் தனித்தனியாக அறுத்து, ஒரே ஈரப்பதத்துக்குக் காயவைத்து நிறுப்பார்கள். வெறும் தண்ணீர்ப் பாத்தி மருந்துப் பாத்தியைத் தொட்டுவிட்டால் அன்று அங்கே எல்லார் முகமும் பார்க்கத் தமாஷாக இருக்கும்.

நவரைப் பட்டத்தில் ஓர் ஓரத்தில் யாராவது இதைச் செய்து பார்க்க நினைத்தால் ஒரே ஒரு தொல்லை. அறுவடை மெஷின் மணிக்கணக்கு வாடகை. பாத்திக்குப் பாத்தி நிறுத்தி, கொட்டி, கூட்டிப் பெருக்கி எடுக்கச் சொன்னால் டிரைவர் அண்ணன் காது கூசும்படி ஏதாவது சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு மயிலம் பக்கம் போய்விடுவார். அந்தப் பாத்திகளை மட்டும் முதல் நாளே கருக்கரிவாளால் அறுத்து ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.